பழுத்த காது

நைனா,

இன்று வீட்டுக்குள் நுழைந்ததுமே வெல்லப் பொரி வாசனை மூக்கில் ஏறியது. ராயபுரத்துப் பாய்லர் பட்டறைக்காரர்கள் பொரி உருண்டை வாங்கிக் கொடுப்பது ஒன்றுக்குத்தான், பையனுக்குக் காது இரைய ஆரம்பித்ததைக் கொண்டாட. தம்பிக்குக் காதுக்குள் ‘ஙொய்’ என்று இரைச்சல் வர ஆரம்பித்துவிட்டதாம். “காது பழுத்துடுச்சிண்ணா, இனிமே நானும் பாய்லர்காரன்!” என்று சிரிக்கிறான். செத்துப்போன உன்னைத்தான் திட்டினேன்.

எனக்கும் நீதானே உருண்டை வாங்கிக் கொடுத்தாய்? கப்பல் பாய்லருக்குள் நான் குந்தி, பழுக்கக் காய்ச்சிய ஆணிக்கு இரும்புக் கட்டையால் முட்டுக் கொடுப்பேன். வெளியே நின்று நீ சம்மட்டியால் அடிப்பாய். ஒவ்வொரு அடியும் என் மண்டைக்குள் விழும். அம்மா மெழுகில் தோய்த்துக் கொடுத்த பஞ்சை ஒருநாள் காதில் வைத்துக்கொண்டு வந்தேன். அத்தனை பேர் முன்னால் பிடுங்கி எறிந்தாய்.

“இன்னாடா, புள்ள பெத்தவ மாரி காதுல பஞ்சு வெச்சிகினு கீற?”

கூட்டமே சிரித்தது. அதை நான் மன்னிக்கவில்லை. பிறகு என் காது இரைந்தபோது தோளில் தட்டிப் பெருமைப்பட்டாயே, அது இன்னும் மோசம்.

வேலையிலிருந்து நின்ற பிறகும் தினமும் போய்ப் பட்டறை வாசலில் உட்கார்ந்தாய். தொழில்மேல் என்ன பக்தி என்று தெருவே மெச்சியது. தம்பியும் நம்பினான். பட்டறை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நீ தலையைப் பிடித்துக்கொண்டு அழுததை நான்தான் பார்த்தேன். சத்தமில்லாத இடத்தில்தான் அந்த இரைச்சல் பேயாட்டம் ஆடும். சம்மட்டிச் சத்தம் கேட்டால் அமுங்கிக் கிடக்கும். அதே அவதியைப் படுகிறவனுக்கா இது தெரியாது? அதற்காகத்தானே போகிறாய் என்று ஒருமுறை வாய்விட்டுக் கேட்டேன்.

“வாய மூட்றா. வெளிய தெரிஞ்சா எவன் என்ன மதிப்பான்?” என்றாய். உன் மரியாதைக்கு என் காது போனது போதாதா?

இன்று தம்பியிடம் சொன்னேன். “பஞ்சு வெச்சிக்கோடா. போன காது திரும்பாது, கீறத காப்பாத்திக்கோன்னு ஆஸ்பத்திரி டாக்டரே சொல்லிட்டாரு.”

“நைனா வெச்சிகினாரா? கடைசி வரிக்கும் சிங்கமாட்டம் பட்டறைக்குப் போய்கினு இருந்தாரே!” என்று எகிறினான்.

அப்போதுதான் உன் மானத்தைக் கப்பலேற்றினேன். “ஆசைல போகலடா அவரு. காது இரைச்சலுக்குப் பயந்துகினு போனாரு. ஞாயித்துக்கெழம வூட்ல குந்தி அழுதாரு.”

தம்பி முகம் செத்துவிட்டது. வெகுநேரம் கழித்து அம்மாவிடம் போய்ப் பஞ்சு கேட்டான்.

உன்னைக் காட்டிக்கொடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை. அவன் காதாவது பிழைக்கட்டும். நீ போய்ச் சேர்ந்தாய், உன் இரைச்சலும் அன்றே நின்றிருக்கும். எனக்கு நீ கொடுத்தது, இதை எழுதும்போதும் கத்திக்கொண்டிருக்கிறது.