மிக்ஸியில் மாட்டிய கல்லும் மூன்றாவது ஆல்பமும்

மச்சான்,

இன்று காலை அம்மா சட்னிக்கு மிக்ஸியைப் போட்டார். பொட்டுக்கடலையோடு ஒரு கல்லும் உள்ளே போய்விட்டது போல. கரகரவென்று ஓர் இரைச்சல், நடுநடுவே டக் டக்கென்று ஓர் அடி. அம்மா நிறுத்துவதற்குள் என் கால் தாளம் போட ஆரம்பித்துவிட்டது.

"மிக்ஸி ஒடையப் போவுது, நீ கால ஆட்டிக்கினு ஒக்காந்துருக்க" என்றார்.

அவரிடம் என்னவென்று சொல்வது? நீ செத்து ஒரு வருடம் ஆகப்போகிறது. 'மறைந்து' என்று எழுதினால் நீயே சிரிப்பாய், அதனால்தான் நேராக எழுதுகிறேன்.

2004இல் சிதம்பரம் தெற்கு வீதிக்குப் பின்னால் நாம் எடுத்த மாடி அறை. கல்லூரியில் சேர்ந்து இரண்டாவது வாரம். புதுச்சேரியில் இருந்த உன் சித்தப்பா மகன் கொடுத்த சிடி, மேலே பேனாவால் 'ராக்' என்று எழுதியிருந்தான். குழுவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த வரியிலேயே அது எந்த வகை இசை என்றும் எழுத வேண்டிவரும், மறுபடியும் சண்டை. எங்கோ மழை பெய்யும் ஊரில் நான்கு பையன்கள், வாசிக்கவும் தெரியாது, பாடவும் தெரியாது. அவ்வளவு போதும்.

முதல் பாட்டு பாதிகூட ஓடவில்லை. கீழ் வீட்டிலிருந்து வீட்டுக்கார அம்மா மூச்சிரைக்க மேலே வந்து நின்றார்.

"தம்பி, மிக்ஸில கல்லு கெடக்குது பாருங்க. மொதல்ல நிறுத்துங்க, மோட்டார் காயிலு போயிடும்."

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். நீ என் காலை மிதித்துவிட்டு, "தோ முடிஞ்சிடுச்சும்மா, கொஞ்சந்தான் பாக்கி" என்றாய். அவர் இறங்கிப் போனதும் ஒலியைக் குறைத்து அதே பாட்டை முதலிலிருந்து வைத்தாய். அடுத்த நான்கு வருடமும் அந்த அம்மாவுக்கு நாம் நன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிற பிள்ளைகள்.

அந்தக் குழுவின் இசைக்கு மாட்டிய பெயர்ப்பலகை மட்டும் வருடத்துக்கு ஒன்றாக மாறியது. சிடியில் ராக். பிரவுசிங் சென்டரில் போய்ப் பார்த்தால் பங்க் என்றிருந்தது. அடுத்த வருடம் யாரோ ஒருவர் போஸ்ட் பங்க் என்று எழுத, எல்லாரும் அதையே எழுதினார்கள். இவர்களிடமிருந்துதான் இன்ன இன்ன வகைகளெல்லாம் பிறந்தன என்று பட்டியல் போட்டார்கள். பாட்டு அதேதான்.

எனக்கு எதுவும் அதன் இடத்தில் இருக்க வேண்டும். உனக்குத் தெரியும். நம் அறையின் பொதுக் கணினியில் நீ 'பங்க்' என்ற ஒரே ஃபோல்டரில் அவர்களுடைய மூன்று ஆல்பத்தையும் கொட்டி வைத்திருந்தாய். மூன்றாவது ஆல்பத்தில் ஏழு நிமிடப் பாட்டு இருக்கிறது. பங்க் என்றால் இரண்டு நிமிடம், கிட்டாரில் மூன்றே சுரக்கூட்டு. வரையறைப்படி அது பங்க் கிடையாது. நான் அதை வேறு ஃபோல்டருக்கு மாற்றுவேன், நீ திரும்பக் கொண்டுவந்து வைப்பாய்.

"வாசிக்கத் தெரியாமலே வாசிச்சானுங்க, அதான்டா பங்க்" என்பாய். "மூணாவது ஆல்பத்துல வாசிக்கக் கத்துக்கினானுங்க. அதுக்காக வேற ஆளா பூடுவானுங்களா?"

2008 ஏப்ரலில் ஒருநாள் இதே சண்டை முற்றியது. எனக்கு அப்போதுதான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில், மீட்டர், கேஜ் எல்லாம் பார்க்கும் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் வேலை உறுதியாகியிருந்தது. உனக்கு மூன்று பேப்பர் அரியர். பதில் கிடைக்காத ஆத்திரத்தில் சொன்னேன்: "மொதல்ல அரியர க்ளியர் பண்ணு. அப்புறம் எது எந்த வகைன்னு எனக்குச் சொல்லிக் குடு."

மறுநாள் நான் வந்தபோது உன் பாய், பெட்டி, ஸ்பீக்கர் எதுவும் இல்லை. மூன்றாவது ஆல்பம் நான் வைத்த ஃபோல்டரிலேயே இருந்தது.

ஒன்றரை வருடம். தினமும் நெல்லிக்குப்பத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் உன் ஊரான முதுநகர் வழியாகத்தான் போவேன். உன் தெரு முனை வரும்போது மட்டும் எதிர்ப் பக்கம் பார்ப்பேன். இறங்கினால் இரண்டு நிமிட நடை. தப்பு என்னுடையது என்று தெரிந்தும், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

வேலை முடிந்து வந்தால் இணையத்தில் அந்தக் குழுவின் ரசிகர்கள் எழுதும் பக்கம் ஒன்றுதான் எனக்குப் பேச்சுத்துணை. முதன்முதலில் எங்கே கேட்டோம், யாரோடு கேட்டோம் என்று உலகம் முழுக்க ஆட்கள் எழுதுவார்கள். நான் நினைவு எதுவும் எழுதமாட்டேன், வரையறை எழுதுவேன். புனைபெயரில் ஒருவன் எனக்கு எதிராக நின்றான். மூன்றாவது ஆல்பமும் பங்க்தான் என்று. அவனோடு ஒரு மாதம் மல்லுக்கட்டினேன். நாற்பது பதிவாவது இருக்கும். கடைசியில் பொறுமை போய், "உனக்கு எந்த நினைவும் இல்லை, பிடிவாதம்தான் இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் எழுதினேன்.

மறுநாள் அவன் ஒரு பத்தி போட்டிருந்தான். முதல் பாட்டைக் கேட்டு, வீட்டுக்கார அம்மா மிக்ஸியில் கல் கிடக்கிறது என்று மாடியேறி வந்த கதை.

உலகத்தில் அப்படி ஓர் அறைதான் உண்டு.

அடுத்த நாள் காலை பஸ்ஸில் முதுநகரிலேயே இறங்கிவிட்டேன். உன் வீட்டில் கேட்டுக்கொண்டு வந்தால், நீ துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் பார்த்துக்கொண்டிருந்தாய். கையெல்லாம் கிரீஸ். என்னைப் பார்த்ததும் மீட்டரைத் தட்டினாய்.

"இன்ஸ்ட்ருமென்ட் சாரு, இந்தக் கேஜ் ஜாஸ்தி காட்டுது. இன்னான்னு பாரு."

"அது நீதான்னு தெரியாதுடா" என்றேன்.

"எனக்குத் தெரியும். மூணாவது பதிவுலயே தெரியும். வரையறைப்படின்னு வேற எவன் எழுதுவான்?"

"தெரிஞ்சும் ஒரு மாசமா சண்ட போட்ட?"

"பேசாம இருக்கறதுக்கு அது பரவால்லியே மச்சான்."

கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்தது. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொல்ல முயன்றேன். "அன்னிக்கு அரியர் பத்திச் சொன்னது..."

"அதுவா? க்ளியர் பண்ணிட்டேன்டா" என்றாய். "ரெண்டு. ஒண்ணு பாக்கி."

கேஜைக் கழற்றிச் சரிபார்த்தேன். அன்றைக்கு வேலைக்கு லேட்.

அப்புறம் நமக்குக் கிடைத்தது இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஞாயிறுதோறும் உன் வீட்டில் மீன் குழம்பு, பழைய ஸ்பீக்கர், அதே சண்டை. அந்த மீதி ஒரு பேப்பரையும் முடித்தாய். பிறகு மஞ்சள் காமாலை. பன்னிரண்டு நாள். அதைப் பற்றி எழுத எதுவுமில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட, "ஏழு நிமிஷப் பாட்டத் திரும்பக் கேட்டியா?" என்றுதான் கேட்டாய். கேட்டேன். பங்க் கிடையாது. அன்றைக்கும் அதையே சொன்னேன். நீ சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டாய். பொய் சொல்லியிருக்கலாமோ என்று யாரோ கேட்டார்கள். சொல்லியிருந்தால் நீ பயந்திருப்பாய்.

இப்போது ஒன்று சொல்கிறேன். போன மாதம் அக்கா வீட்டுக்காரரோடு எனக்கு வாய்த்தகராறு. தப்பு இந்த முறையும் என் நாக்கில்தான். பழைய ஆளாக இருந்தால் ஒன்றரை வருடம் எதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு போயிருப்பேன். மூன்றாம் நாள் போனை எடுத்தேன்.

"மாமா, உங்க வண்டி கார்புரேட்டர் ட்யூனிங் தப்பு."

"யார்ரா சொன்னது?" என்றார். "பத்து வருஷமா நானே ட்யூன் பண்றேன். வண்டியப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?"

"சத்தத்த வெச்சே சொல்றேன் மாமா. காத்து ஜாஸ்தி வெச்சிருக்கீங்க."

அரை மணி நேரம் கத்தினார். நானும் விடவில்லை. கடைசியில், "ஞாயித்துக்கெழம வா, கழட்டிப் பாத்துடலாம். அக்கா கறி எடுக்கச் சொல்றா" என்றார்.

போனேன். ட்யூனிங் உண்மையிலேயே தப்பாகத்தான் இருந்தது.