எலி வளர்த்தவருக்கே எலி ஒழிப்புக் குத்தகை

அனுப்புநர்:
திருமதி தங்கரத்தினம் கார்த்திகேசு,
ஸ்காட் ரோடு, பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.

பெறுநர்:
அரசாங்கக் கொள்முதல் விசாரணை அதிகாரி அவர்கள்,
கோலாலம்பூர்.

பொருள்: எலி ஒழிப்புக் குத்தகை திரு. கந்தப்பு என்பவருக்குக் கொடுக்கப்பட்டதை ரத்துச் செய்து, அவர் வசமுள்ள வீட்டைச் சோதனையிடக் கோரியும், என் கணவரின் கதியை விசாரித்துச் சொல்லக் கோரியும்.

கனம் பொருந்திய ஐயா,

யுத்த காலத்திலும் அதன் பின்னும் அரசாங்க இலாகாக்களும் தொழிற்சாலைகளும் பொருள் வாங்கிய முறைகளைத் தாங்கள் ஆராய்ந்து வருவதாகவும், விவரம் தெரிந்தவர்கள் எழுதலாம் என்றும் தமிழ்ப் பத்திரிகையில் வாசித்தேன். இரும்பு, ரப்பர், மரம் வாங்கியதைப் பற்றி நான் ஒன்றும் அறியேன். எலி வாங்கியதைப் பற்றி அறிவேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள். என் கணவர் கார்த்திகேசு ரயில்வே சரக்குக் கொட்டகையில் கிளார்க்காக இருந்தவர். மேற்படி கந்தப்பு அதே கொட்டகையில் அவருடன் வேலை பார்த்தவர். எங்கள் கலியாணத்துக்கு வந்து பந்தியில் பரிமாறியவர்.

2. ஜப்பானியர் ஆட்சியில், 1943-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், ஏதோ ஆராய்ச்சிக்கு உயிருள்ள எலிகள் வேண்டுமென்று ஓர் அலுவலகம் கேட்டது. என்ன ஆராய்ச்சி என்று எங்களில் யாருக்கும் சொல்லப்படவில்லை. எலிகளைச் சேர்த்துக் கொடுக்கும் குத்தகை கந்தப்புவுக்குக் கிடைத்தது. கூலி அரிசியாக வந்தது. எலி கொண்டுவருபவருக்கு அவர் அதில் ஒரு சிறங்கை கொடுப்பார். மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு ஊதிக் கிடந்த காலம் அது. தெரு முழுவதும் எலி பிடித்தோம். எலியும் தொலைகிறது, கஞ்சியும் கிடைக்கிறது என்று எல்லோருக்கும் மகிழ்ச்சிதான்.

3. கொஞ்ச காலத்தில் தெருவில் எலி அருகிப்போயிற்று. அலுவலகமோ முன்னிலும் அதிகமாகக் கேட்டதாம். எங்கள் வீட்டை ஒட்டிய வீட்டுக்காரர்கள் சண்டைக்கு முன்பே கொழும்புக்குப் போய்விட்டார்கள். அந்த வீட்டுப் பூட்டின் திறப்பை எப்படியோ வாங்கிக்கொண்டு, உள்ளே மரப்பெட்டிகளை அடுக்கி, கந்தப்பு எலி வளர்க்கத் தொடங்கினார். அவற்றுக்குத் தீனி அரிசி. ஐயா, நாங்கள் கண்ணால் காணாத அரிசி. இடைச் சுவரின் மேற்பக்கம் திறந்திருந்ததால் நெடியும் தெள்ளுப்பூச்சியும் எங்கள் பக்கம் வந்தன. பிறகு எலிகளே வந்தன.

4. எங்களுக்கு அப்போது ஒரு பெண் குழந்தை இருந்தாள். புஷ்பவல்லி என்று பெயர் வைத்திருந்தோம். தவழத் தொடங்கியிருந்தாள். ஒருநாள் நான் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது அவள் வீறிட்டாள். ஓடிப் பார்த்தேன். காலின் இரண்டு விரல்களில் சதை இல்லை. எலி பாயிலேயே நின்றது. என்னைக் கண்டும் ஓடவில்லை. கையால் தீனி வாங்கித் தின்று வளர்ந்த எலி அது.

5. என் கணவர் கந்தப்புவிடம் போய், பெட்டிகளை வேறிடத்துக்கு மாற்றும்படி கெஞ்சினார். அதற்குக் கந்தப்பு, "கார்த்திகேசு, பிள்ளைக்கு மருந்து போடும். எலியில மட்டும் கை வையாதையும். அது ஜப்பான்காரன்ர சாமான்" என்றார். என் கணவர் திரும்பி வந்து, விறகுக் கட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவை உடைத்து உள்ளே போனார். பெட்டிகளை நொறுக்கினார். அகப்பட்ட எலிகளையெல்லாம் அடித்துக் கொன்றார். தெருவே வாசலில் நின்று பார்த்தது. யாரும் தடுக்கவில்லை.

6. அன்று மாலையே போலீஸ் ஆட்கள் வந்து அவரைக் கொண்டுபோனார்கள். கூட வந்த மொழிபெயர்ப்பாளர், அரசாங்கம் வாங்கிய பொருளை அழித்தது குற்றம் என்றார். எதிர்ச் சாரியில் சாப்பாட்டுக்கடை நடத்தும் ஜெய்னம்பு என்ற அம்மாள் குழந்தையைத் தூக்கி அந்த மொழிபெயர்ப்பாளரின் முகத்துக்கு நேரே காட்டி, "புள்ளைய கடிச்சதுக்கு ஒரு கேள்வி இல்ல. எலி செத்ததுக்கு மனுசனப் பிடிக்கிறீங்களா?" என்று கேட்டார். அவர் குழந்தையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அந்தக் கேள்வியை அவர் மொழிபெயர்க்கவில்லை.

7. குழந்தைக்குச் சுரம் கண்டது. தொடையிடுக்கில் நெறி கட்டியது. நானும் ஜெய்னம்பு அம்மாளும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். அங்கே மருந்து இல்லை. என் மடியிலேயே போய்விட்டாள். செய்தியைச் சொல்ல போலீஸ் நிலையத்துக்குப் போனேன். அவரைச் சயாமில் ரயில்பாதை போடும் வேலைக்கு அனுப்பியாயிற்று என்று வாசலில் நின்றவர் சொன்னார். பிள்ளை இல்லாதது தெரியாமலே அவர் ரயிலேறினார். இன்றுவரை ஒரு கடுதாசியும் இல்லை. சண்டை முடிந்து சயாமிலிருந்து திரும்பியவர்களை ஸ்டேஷனில் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தேன். அவரைக் கண்டவர் எவருமில்லை.

8. இனி இப்போதைய விஷயம். கொள்ளைநோயைத் தடுக்க எலிகளை ஒழிக்கப்போவதாகவும், கொன்று ஒப்படைக்கும் எலிகளின் தொகைக்கேற்பக் குத்தகைக்காரருக்குக் கூலி உண்டென்றும் போன மாதம் பாசார்ச் சந்தையில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். நல்ல காலம் பிறந்தது என்று நினைத்தேன். பொறி வைக்க ஆள் வந்தபோது நானே போய்க் கதவைத் திறந்தேன். காக்கிச் சட்டையும் கைப்பட்டியுமாக வாசலில் நின்றவர் கந்தப்பு.

9. அவர் சாதாரணமாகவே பேசினார். "அந்தக் காலம் போயிட்டுது தங்கச்சி. அப்ப உயிரோட கேட்டாங்கள், இப்ப செத்தது கேக்கிறாங்கள். நாங்கள் என்ன செய்யிறது? கேக்கிறதைக் குடுக்கிறம்" என்றார். கதவை அறைந்து சாத்தியது மட்டும் நினைவிருக்கிறது. ஜெய்னம்பு அம்மாள் வந்து முகத்தில் தண்ணீர் தெளித்த பிறகுதான் எழுந்து உட்கார்ந்தேன்.

10. மறுநாள் குத்தகை கொடுத்த அலுவலகத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அங்கிருந்த கிளார்க் மரியாதையாகவே கேட்டுக்கொண்டார். விண்ணப்பித்தவர்களில் இந்தத் தொழிலில் முன் அனுபவம் காட்டியவர் கந்தப்பு ஒருவர்தான், அதனால்தான் அவருக்குக் கிடைத்தது என்று விளக்கினார். ஐயா, அந்த அனுபவம் எங்கே, யாருக்காகச் சம்பாதித்தது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. என் பிள்ளையின் கால் விரலும் அந்த அனுபவத்தில் சேர்த்தி.

11. இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. குத்தகை தொடங்கிய பிறகும் தெருவில் எலி குறையவில்லை. போன வாரம் பக்கத்து வீட்டிலிருந்து பழைய நெடி மறுபடியும் வந்தது. நானும் ஜெய்னம்பு அம்மாளும் பின்பக்க ஜன்னல் சட்டத்தை விலக்கிப் பார்த்தோம். முன்பு மரப்பெட்டிகள், இப்போது கம்பிக்கூடுகள். பெட்டை எலிகள் குட்டிகளோடு கிடந்தன. ஆண் எலிகளைக் கொன்று, ஒப்படைத்துக் கூலி வாங்கக் கோணிச்சாக்கில் போட்டிருந்தார்கள். பெட்டைகளைக் கொல்வதில்லை, கொன்றால் குத்தகை நடக்காதே. நான் கண்டது கனவல்ல என்பதற்கு ஜெய்னம்பு அம்மாள் சாட்சி.

12. ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது: மேற்படி குத்தகையை உடனே நிறுத்தவும். அந்த வீட்டைத் தாங்களே நேரில் திறந்து பார்க்கவும். இனி எவருக்கானாலும் எலிக்கு விலை வைக்க வேண்டாம்; விலை இருக்கும்வரை எலியும் இருக்கும். அந்தக் காசில் சாக்கடையைத் தோண்டிச் சுத்தம் செய்ய ஆள் வையுங்கள். சயாமுக்கு அனுப்பப்பட்டவர்களின் விவரம் தங்கள் அரசாங்கத்திடம் இருக்குமானால், கார்த்திகேசு என்பவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று ஒரு வரி எழுதுங்கள். எந்தப் பதிலானாலும் தாங்கிக்கொள்வேன். எனக்கு நஷ்ட ஈடு எதுவும் வேண்டாம்.

13. அனுமதியின்றி நாங்கள் செய்த ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். நேற்றுக் கந்தப்புவின் ஆட்கள் போன பிறகு அந்த வீட்டின் முன்வாசலிலும் பின்வாசலிலும் எங்கள் பூட்டைப் போட்டுவிட்டோம். தாங்கள் வருவதற்குள் அவர் கூடுகளை அப்புறப்படுத்திவிடக் கூடாது என்பதற்காக, இத்தெருப் பெண்கள் முறை வைத்து வாசலில் உட்கார்ந்திருக்கிறோம். உள்ளே தீனி போட ஆளில்லை. சில எலிகள் கூட்டை விட்டு வெளியேறிவிட்டன போலும்; இன்று காலை முதல் கதவின் அடிப்பலகையைக் கடிக்கும் சத்தம் கேட்கிறது. பலகை பழையது. தயவுசெய்து சீக்கிரம் வாருங்கள்.

இடம்: பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
தேதி: 11 டிசம்பர் 1945

தங்கள் வரவை வாசலில் எதிர்பார்த்திருக்கும்,
தங்கரத்தினம் கார்த்திகேசு

சாட்சி: ஜெய்னம்பு, சாப்பாட்டுக்கடை, ஸ்காட் ரோடு (இடது பெருவிரல் ரேகை)