பொம்மிடியில் உன் மகளைப் பார்த்தேன், சவரி

என் சவரிக்கு,

பின்படியில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு ஏரியூர் பஸ்ஸுக்கு விசில் ஊதினவனுக்கு, உன் ஞானக்கா எழுதுகிறேன். நீ போகும்போது உன்னைவிட நான் மூன்று வயதுதான் மூத்தவள். இப்போது நாற்பத்திரண்டு வயது மூத்தவள். அதனால் குறுக்கே பேசாமல் கேள்.

உன் மகளைப் பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

உன் தோளில் இருந்த மருக்கள் ஞாபகம் இருக்கிறதா? பட்டாணி அளவில் ஏழெட்டு. மார்கழிக் குளிரில் சுருக் சுருக்கென்று வலிக்கும். டிக்கெட் பையின் வார் அதில் பட்டால் முகத்தைச் சுளித்துப் பையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொள்வாய். அப்பாவுக்கு முதுகில், எனக்குக் கையில். "எங்க வகையறா முத்திரைங்க இது" என்று, லூர்துவைப் பெண் பார்க்கப் போன இடத்திலும் அப்பா சொல்லி உன் மானத்தை வாங்கினார். திரும்பி வரும் வழியெல்லாம் நாம் சிரித்தோம்.

எண்பத்தாறில் உனக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. பஸ் இஞ்சின் சூடு என்று நீயே முடிவு கட்டி, இளநீரும் பார்லித் தண்ணீருமாக இரண்டு மாதம் ஓட்டினாய். சேலத்தில் காட்டியபோது கிட்னியில் புற்று என்றார்கள். "இந்த வயசுல இது வராதே" என்று டாக்டரே இரண்டு முறை சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க குடும்பத்துல வேற யாருக்காச்சும் கட்டி கிட்டி வந்திருக்காம்மா?" என்றார்.

"யாருக்கும் இல்லீங்க" என்றேன்.

அப்பாவோடு பிறந்த அத்தைக்கு முப்பது வயதுக்குள் கர்ப்பப்பையில் கட்டி வந்து எடுத்தது எனக்குத் தெரியும். எனக்கே அப்போது மாதத்தில் பதினைந்து நாள் உதிரம் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் அப்பா நிற்கிறார், எதிரில் ஆண் டாக்டர். எந்த வாயால் சொல்வேன்? கிட்னிக்கும் கர்ப்பப்பைக்கும் என்ன சம்பந்தம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

ஒரு கிட்னியை எடுத்தும் நீ ஏழு மாதம்தான் இருந்தாய். நீ போகும்போது உன் மகள் ரீத்தாவுக்கு ஒன்பது மாதம். லூர்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடத்தூருக்குத் தாய்வீடு போனாள். ஒன்றரை வருடத்தில் அவளுக்கு மறுகல்யாணம் ஆனது. "இனி அந்தப் பேச்சே இந்த வூட்ல வரக்கூடாது" என்றார் அப்பா. நானும் தலையாட்டினேன். எனக்கும் அவள்மேல் கோபம்தான், சவரி. இருபத்து மூன்று வயதுப் பெண் காலமெல்லாம் உனக்காக அழுதுகொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறேன். இது என்ன நியாயம் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

போன வருடம் என் மகன் ஜானுக்கு, ஓசூர் கம்பெனியில் எல்லாருக்கும் எடுக்கும் ஸ்கேனில் கிட்னியில் கட்டி தெரிந்தது. பயப்படாதே, எடுத்துவிட்டார்கள், நன்றாக இருக்கிறான். எடுத்த கட்டியைச் சோதித்தவர்கள், இது அபூர்வமான வகை, ரத்தத்தில் மரபணுவைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அதற்கு முன் ஒரு சின்ன வயது டாக்டரம்மா என்னை உட்கார வைத்து, நம் குடும்பம் மொத்தத்தையும் தாளில் வரைந்தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். கர்ப்பப்பையைப் பற்றிக் கேட்டாள், அத்தை கதையையும் என் கதையையும் சொன்னேன். "யாருக்காவது தோல்ல மரு மாதிரி, குளிர்ல வலிக்கிற மாதிரி ஏதாவது இருக்காம்மா?" என்றாள். ரவிக்கைக் கையைச் சுருட்டிக் காட்டினேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

ஒரே ஒரு மரபணுவில் பழுதாம். அதனால்தான் தோலில் மரு, பெண்களுக்குக் கர்ப்பப்பையில் கட்டி, சிலருக்குச் சின்ன வயதிலேயே கிட்னியில் புற்று. பெற்றவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நாம் பெருமையாகக் காட்டிக்கொண்டு திரிந்தது இதைத்தான்.

"அன்னைக்கே நான் வாயத் தொறந்து சொல்லியிருந்தா எந்தம்பி பொழைச்சிருப்பானா?" என்று கேட்டேன்.

"அப்ப இந்த டெஸ்ட்டே கிடையாதும்மா. இப்படி ஒரு சம்பந்தம் இருக்குன்னே யாருக்கும் சரியாத் தெரியாது" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு ஆறவில்லை. பிறகு உன் சதுரத்தின்மேல் பேனாவை வைத்து, "இவருக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?" என்றாள்.

விசாரித்துக்கொண்டு பொம்மிடிக்குப் போனேன். லூர்துவின் வீட்டுக்காரர் ஆரோக்கியம் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். லூர்து என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

"அண்ணி, ரீத்தாவுக்கு ஒண்ணும் தெரியாது. இவரத்தான் பெத்த அப்பான்னு நெனச்சிட்டிருக்கா. கல்யாணமாயி, பதினஞ்சு வயசுல புள்ள இருக்குது அவளுக்கு. இப்பப் போயி கெடுத்துடாதீங்க."

காரணம் சொல்லாமல் ஏதாவது சாக்கில் ஸ்கேனுக்கு அனுப்பலாமா என்று நானும் ஒரு நிமிடம் யோசித்தேன். அப்போதுதான் அவள் சொன்னாள், ரீத்தாவுக்கு முப்பத்து மூன்று வயதிலேயே கட்டி வந்து கர்ப்பப்பையை எடுத்தாகிவிட்டதாம்.

ஆரோக்கியம் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "மறைச்சு வச்சு என்ன பண்றது? புள்ள உசுரு முக்கியமா, நான் அப்பங்கறது முக்கியமா? நானே சொல்லிக்கறனுங்க" என்று சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த தெருவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். ஒன்றரை மணி நேரம் நானும் லூர்துவும் பூண்டு உரித்தோம்.

அவரோடு அவளும் வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. உன் மூக்கு, சவரி. எனக்கு எழுந்து நிற்கத்தான் தோன்றியது.

"இத்தன வருசமா எட்டிப் பாக்காதவங்க, நோவக் குடுக்கறதுக்குன்னு வந்தீங்களா?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.

பரிசோதனையில் அவளுக்கும் அந்தப் பழுது இருந்தது. ஸ்கேனில் வலது கிட்னியில் நெல்லிக்காய் அளவுக் கட்டி. வலியில்லை, ரத்தமில்லை, எதுவும் இல்லை. பரவுவதற்கு முன்னால் எடுத்துவிட்டார்கள். இனி வருடா வருடம் பார்க்க வேண்டும். உன் பேத்திக்கு இன்னும் பார்க்கவில்லை. அதை நினைத்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஆரோக்கியம் கட்டிலை விட்டு நகரவே இல்லை. உனக்குப் பொறாமை வேண்டாம், அந்த மனிதரை நீ கையெடுத்துக் கும்பிட வேண்டும். மூன்றாம் நாள் அவர் டீ வாங்கப் போன நேரத்தில், ரீத்தா சுவரைப் பார்த்துப் படுத்தபடியே கேட்டாள்: "அவரு என்னத் தூக்கியிருக்காராங்க?"

ஆபரேஷன் தையல் பிரியும், வெயிட் தூக்கக் கூடாது என்று சொன்னவர்களிடம், "இவளா வெயிட்டு?" என்று சண்டை போட்டுவிட்டு நீ அவளைத் தூக்கியதைச் சொன்னேன். கடைசி மாதம் கையில் தெம்பில்லாமல் போனபோது, நெஞ்சின்மேல் படுக்க வைக்கச் சொல்லி மூச்சு வாங்க வாங்கக் கிடந்ததையும் சொன்னேன். அவள் அழுதாள். உனக்காக உன் மகள் அழுததை முதன்முதலாகப் பார்த்தேன். பிறகு என் பக்கம் திரும்பி, "மிச்சத்தையும் சொல்லுங்க, அத்தை" என்றாள்.

வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பொம்மிடிக்குப் போகிறேன். உன் நல்லதை மட்டும் அல்ல, உன் முன்கோபத்தையும் பொய்களையும் சேர்த்தே சொல்வேன். பேத்திக்கு ரத்தம் எடுக்கும் நாளில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். எந்த முடிவு வந்தாலும் இந்த முறை அவர்களை விட்டுவிட மாட்டேன். இது சத்தியம்.

உன் அக்கா,
உன் மகளுக்கு இப்போதுதான் அத்தையான
ஞானம்