பின்சுவர்த் தகட்டில் இருந்த கை

கடித எண்: 117
நாள்: 14.03.2024, வியாழக்கிழமை
நேரம்: காலை 10.35 (உன் அம்மா கண் மருத்துவரிடம் போயிருக்கிறாள், 12.15-க்குள் திரும்பிவிடுவாள்)
பொருள்: தோட்டத்துச் செம்புத் தகட்டை நான் துலக்கியது

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் உடலளவில் நலம். உடலளவில் என்று தனியே குறிப்பிட்டதற்குக் காரணம் கீழே வருகிறது. நீயும் உன் வீட்டாரும் எல்லா வகையிலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். ஸ்பீக்கரில் போட்டால்தான் எனக்குக் காது கேட்கிறது, ஸ்பீக்கரில் போட்டால் அம்மாவுக்கும் கேட்கிறது. 10ஆம் தேதி நீ கூப்பிட்டபோது சொல்லத்தான் வாயெடுத்தேன். கடைசியில் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

நீ வெளிநாடு போன நாளிலிருந்து அம்மா வீட்டையும் தோட்டத்தையும் செம்பால் அலங்கரித்துவருவது உனக்குத் தெரியும். கூடத்தில் செம்பு விளக்குமூடி, சமையலறைச் சுவரில் பெரியதிலிருந்து சிறியது வரை மாட்டிய பாத்திரங்கள், கூரை விளிம்பிலிருந்து மழைநீர் வழிந்திறங்கச் சங்கிலி, குருவிகள் குளிக்க அகலத் தட்டு, நத்தை ஏறாமல் பூந்தொட்டிகளைச் சுற்றிப் பட்டை. எல்லாவற்றுக்கும் முதலாக வந்தது பின்சுவரில் இருக்கும் மூன்றடிக்கு இரண்டடித் தகடு. 11.06.2019 அன்று, நீ விமானம் ஏறிய நாளின் காலையில், கடைக்காரர் கொண்டுவந்து இறக்கியபோது ஒரு முனையை நீதான் பிடித்துத் தூக்கினாய். அதை அம்மா பச்சை பூக்க விட்டாள். வினிகரும் உப்பும் தெளித்து, வெயிலிலும் மழையிலும் பார்த்துப் பார்த்து வளர்த்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. முப்பத்தோரு வருடம் எடை அளவு ஆய்வாளராகக் கடை கடையாகப் போய்த் தராசுத் தட்டைத் துலக்கச் சொன்னவன் நான். அந்தப் பச்சையைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கீழ் வலது மூலையில் மட்டும் பச்சை ஏறாமல் பழுப்பாக ஒரு திட்டு இருந்தது, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் "அது அப்படியே இருக்கட்டும், உங்களை ஒண்ணும் பண்ணலையே" என்றாள்.

2ஆம் தேதி சனிக்கிழமை அவள் உன் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். வரும்போது ஆச்சரியப்படட்டும் என்று காலை 7.10-க்கு உட்கார்ந்து, ஆறு எலுமிச்சம்பழமும் அரைப்படி உப்பும் போட்டுத் தேய்த்து, 9.45-க்குத் தகட்டை முகம் பார்க்கும்படி ஆக்கிவிட்டேன். மறுநாள் 11.20-க்கு வந்தவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் சிறிது நேரம் பார்த்தாள். "நல்லா பளபளன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பாராட்டுகிறாள் என்றே நினைத்தேன். பளபளப்பு மங்காமலிருக்க ஏதாவது பூசலாம் என்று 6ஆம் தேதி அதே செம்புக் கடைக்காரரை வரவழைத்தேன். அவர் வந்து மூலையைத் தடவிப் பார்த்து, "சார், இங்க ஒரு கை இருந்துச்சே, எங்க?" என்றார். எந்தக் கை என்றேன். "உங்க பொண்ணு கைதான் சார். தூக்கும்போது வேர்வையோட பதிஞ்சது, ரெண்டு வாரத்துல மேலே எழும்பிருச்சு. அது மேல பச்சை ஏறக்கூடாதுன்னு அம்மா மாசா மாசம் மெழுகு பூசுவாங்க. ஊர்ல பச்சை பிடிக்கவைக்கத்தான் என்னைக் கூப்பிடுவாங்க, நீங்க கஷ்டப்பட்டு எடுத்துட்டு என்னைக் கூப்பிடுறீங்க" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை.

நாலு வருடம் எட்டு மாதம் இருபது நாள் அவள் காப்பாற்றியதை நான் இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடத்தில் அழித்திருக்கிறேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா அதுக்கும் ஒரு நம்பர் போட்டு ஃபைல்ல வச்சிருப்பீங்க" என்றாள். கோபம் இல்லை. "விடுங்க, செம்புதானே" என்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை மகளே. அவள் திட்டினால் எனக்குப் பதில் தெரியும். நாற்பத்திரண்டு வருடப் பழக்கம். 7ஆம் தேதி குருவித் தட்டைக் கழற்றினாள். 9ஆம் தேதி சங்கிலி. நேற்றுச் சமையலறைச் சுவர் வெறுமையாகிவிட்டது, ஆணிகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. ஏன் என்றால், "போதும், யார் பார்க்கப்போறாங்க" என்கிறாள். ஏப்ரல் 1ஆம் தேதி, திங்கட்கிழமை, பழைய உலோகம் வாங்குபவரை வரச் சொல்லியிருக்கிறாள்.

நான் சும்மா இருக்கவில்லை. அவள் தூங்கும் மதிய நேரத்தில் எட்டு நாளாக வினிகரும் உப்பும் தெளிக்கிறேன். பச்சை அங்கங்கே வருகிறது. கைக்கு எங்கே போவேன். ஒரு நாள் புத்திகெட்டுப்போய் என் கையையே அழுத்திப் பார்த்தேன். நீளம் பத்தொன்பது சென்டிமீட்டர். ஊரை ஏமாற்றலாம், அவளை ஏமாற்ற முடியாது என்று தோன்றியது, உடனே துடைத்துவிட்டேன்.

இந்தக் கடிதம் உனக்கு 26ஆம் தேதிக்குள் கிடைக்க வேண்டும். 1ஆம் தேதிக்கு முன் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசு. என்ன பேசுவது என்று கேட்காதே, அது தெரிந்திருந்தால் நானே பேசியிருப்பேன். அப்பா எழுதினார் என்று சொல்லலாமா கூடாதா என்பதையும் என்னால் முடிவு செய்ய முடியவில்லை. வர முடியுமா என்று நான் கேட்கவில்லை, உன் வேலை நிலைமை எனக்குத் தெரியும். ஆனால் உன் பாஸ்போர்ட் 09.10.2024 உடன் முடிகிறது என்பதையும், ஆறு மாதம் முன்னதாகவே புதுப்பிக்க வேண்டும் என்பதையும் நினைவூட்டுகிறேன். வேளைக்குச் சாப்பிடு. குளிரில் தலையை மூடிக்கொண்டு வெளியே போ. உனக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் எந்தக் குறையும் வராமல் நீண்ட நாள் நிறைவாக வாழ எங்கள் இருவருடைய ஆசிகளும். அம்மாவைக் கேட்காமல்தான் அவள் ஆசியையும் சேர்த்திருக்கிறேன், அதில் தவறிருக்காது.

இப்படிக்கு,
உன் அப்பா
(முடித்த நேரம் 11.50)

இணைப்பு:
1. நீ பிப்ரவரி 4ஆம் தேதி கேட்ட பட்டச் சான்றிதழின் நகல், இரண்டு.
2. வீட்டிலுள்ள செம்புப் பொருள்களின் பட்டியல். கழற்றியவற்றுக்கு எதிரே தேதி குறித்திருக்கிறேன்.
3. 07.08.2022 அன்று நான் எடுத்த புகைப்படம், ஒன்று. தகட்டின் கீழ் வலது மூலை, பக்கத்தில் அளவுகோல் வைத்தது. அழுக்கை அம்மாவுக்கு நிரூபிக்க எடுத்தேன், காட்டாமலே விட்டுவிட்டேன். நீளம் 16.5 சென்டிமீட்டர். இப்போது பார்த்தால் ஐந்து விரலும் தெரிகின்றன. பின்புறம் "அகற்ற வேண்டியது" என்று நான் எழுதியிருந்ததை அடித்திருக்கிறேன். இதை அவளிடம் காட்டும் துணிவு எனக்கு இல்லை. வேறு பிரதி கிடையாது, மடிக்காதே.