மண்டபத்துக்கு ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச்

ஆவணி 5, வெள்ளி

காலையிலேயே புழுக்கம். கோட்டைப் பாறை தகிக்கிறது. என் எலக்ட்ரிக்கல் கடைக்கு எதிரே புதுக் கல்யாண மண்டபம். இ.பி. கரண்டுக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றிவிடும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் எது போடலாம் என்று பார்க்கக் கூப்பிட்டார்கள். முதலாளி, அதாவது மண்டபக்காரர், இனி ம.கா. முழுப் பெயருக்கு மையை வீணாக்குவானேன்.

நான் சொன்னது: மூணு ஃபேஸ், நியூட்ரல் நாலையும் சேர்த்து மாற்றும் ‘ஃபோர் போல்’, ஆட்டோமேட்டிக். இ.பி. பக்கம் விலகாமல் ஜெனரேட்டர் பக்கம் சேரவே முடியாது. அது இல்லாவிட்டால் ஜெனரேட்டர் கரண்ட் தெருக் கம்பிக்குப் போகும். கம்பத்தில் இருப்பவர் செத்தார்.

ம.கா. கேட்டது: "கூட ஆம்பள யாரும் வரலியாம்மா?"

லைசென்ஸ் என் பெயரில் என்றேன். கொட்டாவி விட்டார்.

அவர் மருமகன், சென்னை இன்ஜினியர். செல்போனிலிருந்து தலை தூக்காமல், ரெண்டு பிரேக்கர் போதும், ஒன்றை இறக்கிவிட்டு மற்றதை ஏற்ற ஆள் இருக்கிறான் என்றது. மறந்துவிட்டால்? மறக்க மாட்டானாம். மேதை. சுவிட்சுக்குக் காசில்லை, வாசலில் பிளாஸ்டிக் யானை ரெண்டு வைக்க மட்டும் தெரிகிறது.

அந்த வயரிங்குக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று வந்துவிட்டேன். தோசை மாவு வாங்க மறந்தாயிற்று.

ஆவணி 7, ஞாயிறு

முகூர்த்தம். விடியலில் காற்று; வேப்பங்கிளை முறிந்து கம்பியில். கரண்ட் இல்லை. லைன்மேன் வேலு கம்பத்தில் ஏறியிருந்தார். கடை திறந்துகொண்டிருந்தேன்.

மண்டபத்தில் ஜெனரேட்டர் உறுமியது. இ.பி. பிரேக்கரை எவனும் இறக்கவில்லை. கம்பியில் நெருப்பு. நல்லவேளை, வேலு முதலிலேயே கம்பியை மண்ணோடு இணைக்கும் எர்த் தடி மாட்டியிருந்தார். அது வாங்கிக்கொண்டது. பெல்ட்டில் தொங்கியவரை நாலு பேர் இறக்கினோம். கடைப்படியில் உட்கார்ந்து கையை விரித்து விரித்துப் பார்த்தார்.

பட்டு வேட்டியில் ம.கா. வந்து பார்த்தார். "ஒண்ணும் ஆவலல்ல? உள்ள வந்து சாப்ட்டு போப்பா."

தூ.

வேலு மெல்ல எழுந்தார். மண்டபத்து ஃபியூஸ் எல்லாவற்றையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "சாப்பாடு வேணாம். சுவிட்ச் சரின்னு அந்த அக்கா சொல்லட்டும். அப்புறம் இத வந்து வாங்கிக்க."

ஆவணி 10, புதன்

தூறல். ம.கா. கடைப்படி ஏறி வந்தார். நான் சொன்ன சுவிட்சே போடலாமாம். கூடவே வந்த மருமகன் இன்னும் அடங்கவில்லை: சின்ன ஆம்பியர் போதாதா என்கிறது. ஏசி, கிரைண்டர், லிஃப்ட் எல்லாம் உங்கள் செல்போன் சார்ஜரா என்று கேட்டேன்.

வேலு வேலைக்கு வரவில்லை. கம்பம் ஏற அவர் மனைவி விடவில்லையாம். விட்டாலும் ஏறுவாரா, தெரியவில்லை.

ஆவணி 15, திங்கள்

சுவிட்ச் மாட்டியாயிற்று. பெட்டிக்குச் சந்தனம், குங்குமம். கதவு வாஸ்துப்படி எந்தப் பக்கம் திறக்கணும் என்று ம.கா. கேட்டார். திருந்தாத ஜென்மம்.

வேலு வந்தார். ஃபியூஸ் இன்னும் அவர் பையில்; மீட்டரை எடுத்து, கரண்ட் இல்லாத இ.பி. கம்பியில் தானே வைத்துக்கொண்டார். ஜெனரேட்டர் ஓடுகிறது, மண்டபம் முழுக்க விளக்கு, மீட்டரில் பூஜ்யம்; தெருப் பக்கம் துளியும் போகவில்லை.

"இன்னொரு வாட்டி போடுக்கா."

போட்டேன். பூஜ்யம். ம.கா. ஏதோ சொல்ல வந்தார், வேலு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை ஒருமுறை விரித்து மூடிப் பார்த்தார்.

"நாளைக்கு ஏறுறேன்னு வூட்ல சொல்லிடறேன்."