வேலிக்கு இப்பால் வந்த கிளை

மச்சாள்,

இன்றைக்குக் கிணற்றடியில் பாசி சுரண்டும்போது அந்த அரைச் செங்கல் அகப்பட்டது. பானையைக் கவிழ்த்து வைக்க உதவும் என்று எடுத்தவள், எடுத்த கையோடு அதன் அடியைத்தான் பார்த்தேன். என் புத்தி எங்கே போகும்!

சொந்தமில்லாவிட்டாலும் குருக்கள்மடம் ஊரில் நமக்கு ஒரே வேலி. அதனால் மச்சாள் ஆனோம். அறுபதுகளின் தொடக்கம் அது. நீ இருந்தது வாடகை வீடு. கடை கட்டப்போகிறேன், தை பிறந்ததும் விட்டுவிடுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். உன் ரோசா மரத்தைப் பிடுங்கினால் பிழைக்காது. அதனால் தாழ்ந்த கிளை ஒன்றைத் தென்னோலைக் கிடுகு வேலிக்குள்ளால் என் பக்கம் இழுத்தாய். கணுவுக்குக் கீழே இலேசாகக் கீறி, மாட்டெரு கலந்த மண்ணில் அமுக்கி, நிமிராமல் இந்தக் கல்லை வைத்தாய். வேர் விட்டதும் வெட்டியெடுத்தால், எந்த வீட்டுக்குப் போனாலும் கையோடு கொண்டுபோகலாம்.

"மூணு மாசத்துக்கு இதத் தொடாதகா. நீ சோத்துப் பானையையே நாலுதரம் திறந்து பாக்கிற ஆள்," என்றாய்.

மாதம் ஒன்று முடியுமுன் நீ மட்டக்களப்பு ஆசுபத்திரியில் படுத்துவிட்டாய். சனிக்கிழமைதோறும் கஞ்சியோடு பஸ் ஏறுவேன். டொக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். உன் புருஷன் யன்னலைப் பார்த்தபடி நிற்பார். நீ என்னிடம் ஒன்றுதான் கேட்பாய்: "வேர் விட்டுட்டாகா?"

வேறு எதுவும் செய்ய என் கையில் இல்லை. இதையாவது பார்த்துச் சொல்வோம் என்று ஒரு வெள்ளிக்கிழமை கல்லைத் தூக்கினேன். கீறிய இடத்தில் வெள்ளையாக ஒரு முளை. மறுநாள் "விடுது மச்சாள்" என்றேன். அன்றைக்குக் கஞ்சி முழுவதையும் குடித்தாய். அதைப் பார்த்த பிறகு நான் சும்மா இருப்பேனா? அடுத்த வெள்ளியும் தோண்டினேன். நூல் போன்ற வேர் என் விரலோடு வந்துவிட்டது. மண்ணை மூடிக் கல்லை வைத்தேன். உன்னிடம் வந்து "நல்லா நீண்டிருக்கு" என்றேன். பிறகு வாராவாரம் தோண்டுவதும், வந்து பொய் சொல்வதும்தான்.

கடைசிச் சனிக்கிழமை என் கையைப் பிடித்தாய். நகத்துக்குள் மண். தலையிலிருந்த கொண்டை ஊசியை எடுத்து, ஒவ்வொரு விரலாக அதைச் சுரண்டிவிட்டாய். பத்து விரலும் முடியும்வரை விடவில்லை. தோண்டிப் பார்க்கிறவளிடம் வேர் நிலைக்காது என்று உனக்கா தெரியாது?

"எவ்வளவு நீளம்கா?"

"ஒரு சாண்," என்றேன்.

"அப்ப இனிப் பாக்காத."

புதன்கிழமை நீ போய்விட்டாய். உன் எட்டாம் நாள் சடங்குக்குள் கிளையும் கருகிவிட்டது. தையில் மரத்தையும் வெட்டினார்கள். வேலிக்கு இப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு எத்தனையோ கிளைகளைப் பதித்துவிட்டேன். ஒன்றைக்கூடத் தோண்டிப் பார்த்ததில்லை; எல்லாம் பிடித்துக்கொள்கின்றன. எனக்குத் தாங்கமுடியாதது அதுதான். ஊரில் என்னைக் கைராசிக்காரி என்கிறார்கள், மச்சாள். அப்படிச் சொல்லும்போதெல்லாம் விரல்களை மடக்கிக்கொள்கிறேன்.