கட்டிலைக் கழற்ற அப்பா வருவார்

வாலு,

பால் காய்ச்சி வைத்திருக்கிறேன், ஆடையை எடுத்துவிட்டுக் குடி. எனக்குக் காலை ஷிஃப்ட். பத்து மணி போல உன் கட்டிலைக் கழற்ற அப்பா வருவார். ஆணியே அடிக்காமல் அவர் செய்த கட்டில், வேறு யார் கை வைத்தாலும் உடைந்துவிடும். விவாகரத்துக்குப் பிறகு இந்தப் படி ஏறுவது இதுதான் முதல் தடவை. வாசலிலேயே நிற்க வைக்காதே.

உன்னை என்னோடு புது ஊருக்கு அனுப்பவே மாட்டேன் என்று கோர்ட்டில் ஒற்றைக்காலில் நின்றாரே, அதே மனுஷன்தான். நானும் லேசுப்பட்டவளா? நேற்று கோர்ட் வராந்தாவில் அவராகவே வந்து, "அங்க அவ ரூம்ல ஜன்னல் எந்தப் பக்கம்?" என்றார்.

"எதுக்கு?"

"மூஞ்சில வெயில் பட்டா தூங்க மாட்டா. தலைப்பலகைய மாத்திப் போட்டுத் தரேன்."

உன்னை அனுப்பச் சம்மதித்து அவர் கையெழுத்துப் போட்டது அப்புறம்தான். எனக்கு அப்போதே மனசு லேசாகிவிட்டது. லீவு முழுக்க நீ அவரோடுதான், அதற்கு நானும் சரி சொல்லிவிட்டேன்.

அம்மா

அவருக்கு டீயில் சர்க்கரை போடாதே.

அவருக்குப் பதில் சொல்ல மறந்தே போனேன்: ஜன்னல் கிழக்கே. ஆனால் கட்டிலைத் திரும்பப் பூட்ட எனக்குத் தெரியாது. அங்கேயும் அவரே வந்து பூட்டட்டும். நான்தான் கூப்பிட்டேன் என்று சொல்.